நாளை நாமே எழுதுவோம்

(தஞ்சோங் பகார் வட்டாரக் குடியிருப்பாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

 

நாள்திட்டக் குறிப்பேட்டைப் பற்றியும், அதனால் மன உளைச்சல் குறையும் விதத்தைப் பற்றியும் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். ‘ஒரு சிறு ஏட்டைப் பற்றிப் பேச அப்படி என்ன இருக்கிறது?’ என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஒரு மனிதனுடைய நாளை எழுதும் ஏடு யார் கையில் இருக்கிறதோ, அவரே அந்த நாளுக்கு உடையவர் ஆகிறார். இந்த உண்மையை எடுத்துச் சொல்லத் தஞ்சோங் பகாரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

பிறர் எழுதிய நாள்

மலாய் மொழியில் ‘தஞ்சோங்’ என்பது நிலமுனையையும், ‘பகார்’ என்பது வேலியையும் குறிக்கும். இம்முனையில் 1864ஆம் ஆண்டில் தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் தோன்றியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர் நீராவிக் கப்பல்களின் வருகை பெருகிற்று. 1905இல் அரசாங்கம் அந்நிறுவனத்தைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. 1913இல் சிங்கப்பூர்த் துறைமுக வாரியமும், 1964இல் சிங்கப்பூர்த் துறைமுக ஆணையமும் பொறுப்பேற்றன. நிர்வாகம் கை மாறியபோதும், மூட்டை சுமந்த தோள்களில் தமிழர்களின் தோள்கள் என்றும் இருந்தன. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்த குடும்பங்கள் பல இவ்வட்டாரத்தைத் தங்கள் ஊராக ஆக்கிக்கொண்டன. தீபகற்பத்தையும் இத்தீவையும் இணைத்த இருப்புப்பாதையின் கடைசி நிலையமாக 1932இல் திறக்கப்பட்டது தஞ்சோங் பகார் ரயில் நிலையம். 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் கடைசி ரயில் புறப்படும் வரை அது எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்நகரத்தின் வாசலாக விளங்கியது.

துறைமுகத்தில் உழைத்தவர்களும் தோட்டத்தில் உழைத்தவர்களும் ஒரு வகையில் ஒரே வாழ்க்கையை வாழ்ந்தவர்கள் ஆவர். தோட்டத்தில் பொழுது புலருமுன் பெரட்டுக்கு மணி ஒலிக்கும். கிராணியார் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் குறித்துக்கொள்வார். அந்த ஏட்டில் பெயர் ஏறினால் அன்று கூலி உண்டு, ஏறாவிட்டால் இல்லை. துறைமுகத்திலோ, கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் காத்திருப்பு. எப்பொழுது எழுவது, எப்பொழுது உண்பது, எப்பொழுது தலை சாய்ப்பது என்பதையெல்லாம் வேறொருவருடைய ஏடே முடிவு செய்தது. நம் பாட்டனார் தமது நாளைத் தாமே எழுதும் உரிமையைப் பெற்றிருக்கவில்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. இரவில் உறங்கி எழுவதற்குச் சொந்த வீடும், பிள்ளைகளுக்குப் பள்ளியும், சட்டத்தின்படி வாரத்திற்கு ஒரு நாள் ஓய்வும் நமக்கு உண்டு. ஆயினும், பெயர் கூப்பிடுவதற்காகக் காத்து நிற்கும் பழக்கம் மட்டும் நம்மை விட்டு நீங்கினபாடில்லை. பெரட்டு மணிக்குப் பதிலாகக் கைத்தொலைபேசி ஒலிக்கிறது. அலுவலகத்திலிருந்து ஒரு செய்தி, பள்ளியிலிருந்து ஒரு செய்தி, உறவினரிடமிருந்து ஒரு செய்தி என எது முதலில் கூப்பிடுகிறதோ அதன் பின்னால் ஓடுகிறோம். மாலையில் களைத்து அமரும்போது, ‘இன்று என்ன செய்தோம்?’ என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. களைப்பு மட்டும் மிஞ்சுகிறது. இதற்கு மாற்றாகவே குறிப்பேட்டை முன்வைக்கிறோம்.

தலையில் சுமக்கும் மூட்டை

மன உளைச்சல் என்பது வேலையின் அளவினால் மட்டும் வருவதன்று. செய்யாமல் கிடக்கும் வேலைகளை நினைவிலேயே சுமந்து திரிவதனாலும் அது வருகிறது. மின்கட்டணம் செலுத்த வேண்டும். மகளின் பள்ளிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். மாமியாரைப் பலதுறை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்ல நாள் குறிக்க வேண்டும். ஊரில் நடக்கும் திருமணத்திற்குப் பணம் அனுப்ப வேண்டும். இவற்றுள் ஒவ்வொன்றும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் நான்கும் நாள் முழுதும் தலைக்குள் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தால், சமைக்கும்போது உப்பு மறக்கிறது. பிள்ளை பேசும்போது காதில் விழுவதில்லை. படுத்தால் உறக்கம் வருவதில்லை.

அமெரிக்காவில் மசிகாம்போ, பாமெய்ஸ்டர் என்னும் இரு உளவியல் அறிஞர்கள் இதனைச் சோதித்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முடிக்கப்படாத வேலை மனத்தில் இருக்கும்போது, படிக்கும் பக்கத்தில் கவனம் நிற்காமல் அவ்வேலையைப் பற்றிய எண்ணமே குறுக்கிட்டது. ஆனால் அந்த வேலையை எப்பொழுது, எவ்விதம் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டவர்களுக்கு அத்தகைய குறுக்கீடு நேரவில்லை. இத்தனைக்கும் அவர்கள் அவ்வேலையைச் செய்து முடித்திருக்கவில்லை. திட்டம் மட்டுமே வகுத்திருந்தார்கள். வேலை முடிந்தால்தான் மனம் ஆறும் என்று நாம் கருதிக்கொண்டிருக்கிறோம். வேலைக்கு உரிய நேரத்தைக் குறித்துவிட்டாலே மனம் பாதி ஆறிவிடும் என்பதை இச்சோதனை காட்டுகிறது.

உறக்கத்தைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. டெக்சாஸ் மாநிலத்திலுள்ள பேலர் பல்கலைக்கழகத்தார், இளம் வயதினர் 57 பேரை ஓர் இரவு ஆய்வுக்கூடத்தில் உறங்கச் செய்தனர். படுக்குமுன் ஒரு சாராரை, இனிச் செய்ய வேண்டிய வேலைகளை ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். மறு சாராரை, செய்து முடித்த வேலைகளை எழுதச் சொன்னார்கள். செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகவே உறங்கிப்போனார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் விரைவாக உறங்கினார்கள். 2018இல் வெளிவந்த இம்முடிவு, உறக்கமின்றித் தவிக்கும் தாய்மார்கள் மனத்திற் கொள்ளத் தக்கது. ஐந்து நிமிடமும் ஒரு பென்சிலும் யாருக்கும் எட்டாத பொருள்கள் அல்லவே!

துறைமுகம் தரும் பாடம்

1972ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் ‘நிஹோன்’ என்னும் கப்பல் 300 கொள்கலன்களுடன் தஞ்சோங் பகாரை வந்தடைந்தது. சிங்கப்பூரின் கொள்கலன் துறைமுகத்திற்கு அதுவே தொடக்கம். அதற்கு முன்பு ஒரு கப்பலின் சரக்கை மூட்டை மூட்டையாக இறக்கப் பல நாட்கள் பிடித்தன. கொள்கலன்கள் வந்த பின்னர் அவ்வேலை மணிக்கணக்கில் முடியலாயிற்று. பாரந்தூக்கி இதற்குப் பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பாரந்தூக்கி அசைவதற்கு முன்பே, எந்தப் பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்று வரைந்து வைக்கப்படும் திட்டம் இல்லாவிட்டால், அத்தனை பெரிய இயந்திரமும் பயனின்றி நிற்கும். இன்று கொள்கலன் பணி இம்முனையிலிருந்து மேற்கே நகர்ந்துவிட்டது. 2022 செப்டம்பரில் துவாஸ் துறைமுகம் அதிகாரபூர்வமாகத் திறந்துவைக்கப்பட்டது. எனினும் தஞ்சோங் பகார் கற்ற பாடம் நம் வீட்டுக்கும் பொருந்துவதே.

முதலில் இறக்க வேண்டிய பெட்டியை மேலே வைக்க வேண்டும். அடுத்த துறைமுகத்தில் இறக்க வேண்டிய பெட்டி அடியில் சிக்கிக்கொண்டால், மேலே உள்ளவற்றையெல்லாம் எடுத்துவிட்டு மீண்டும் அடுக்க நேரும். காலையில் முடிக்க வேண்டியதை மாலைக்குத் தள்ளுகிறவருக்கும் இதே இரட்டை வேலைதான்.

கனமான பெட்டியைக் கீழே வைக்க வேண்டும். மேலே கனம் ஏறினால் கப்பல் ஆடும். நாளின் கனமான வேலையை உடலும் மனமும் புத்துணர்ச்சியோடு இருக்கும் வேளையில் வைத்துக்கொண்டால் மற்றவை அதன்மேல் எளிதாக அமையும்.

எல்லாவற்றையும்விடச் சிறந்த பாடம் மூன்றாவதாகும். கொள்கலன் அடுக்கும் முற்றத்தை ஓர் இடம்கூட மிச்சமின்றி நிரப்புவதில்லை. முற்றிலும் நிரம்பிவிட்டால், அடியிலிருக்கும் ஒரு பெட்டியை எடுக்க மேலிருப்பதை நகர்த்தி வைக்க இடமிருக்காது, துறைமுகமே திணறும். வெற்றிடம் வீணான இடமன்று; பெட்டிகள் நகர்வதற்கு அதுவே வழிவிடுகிறது. குறிப்பேட்டைக் கையிலெடுப்பவர்கள் இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். காலை ஐந்து மணி முதல் இரவு பதினொரு மணி வரை ஒரு வரி விடாமல் எழுதி நிரப்புகிறார்கள். பேருந்து பத்து நிமிடம் தாமதித்தாலும் அந்நாள் முழுவதும் சரிந்து விழுகிறது. பிறகு, ‘ஏடு வைத்தும் உளைச்சல் தீரவில்லை’ என்று அதனைத் தூக்கி எறிகிறார்கள்.

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதில் மனித மனம் பெரும்பாலும் குறைவாகவே கணக்கிடும். கனடாவில் பட்டப் படிப்பின் இறுதியாண்டு மாணவர்களிடம், ஆய்வுக் கட்டுரையை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று விடை கிடைத்தது. உண்மையில் 55 நாட்களுக்கு மேல் ஆயிற்று. 1994இல் வெளியான ஆய்வு இது. படித்தவர்களின் கணக்கே இவ்வாறானால், நமது ஏட்டில் ஒரு மணி என்று தோன்றும் வேலைக்கு ஒன்றரை மணி ஒதுக்குவது அறிவுடைமை அன்றோ?

பால்மரம் தரும் பாடம்

தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு நாம் சொல்லாமலே தெரிந்த பாடம் ஒன்று உண்டு. பால்மரத்தை விடியற்காலையில் வெட்டுவதேன்? குளிர்ந்த வேளையில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக வடிகிறது. வெயில் ஏறிய பின் அதே உளி, அதே கை, அதே மரம். ஆனால் மங்கில் விழும் பால் குறைவு. காலம் தவறிய உழைப்பு அதே களைப்பைத் தந்து குறைந்த பயனைத் தருகிறது. திருவள்ளுவர் காலமறிதல் என்று ஓர் அதிகாரத்தையே வகுத்ததும் இக்கருத்தின் பெருமை கருதியே.

இரண்டாவதாக, ஒரே மரத்தை நாள்தோறும் வெட்டுவதில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டும் முறையே பல தோட்டங்களில் நிலவி வந்திருக்கிறது. அளவுக்கு மீறி வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். மரத்திற்கு ஓய்வு கொடுக்க வேண்டுமென்று அறிந்த நாம், மனிதருக்கு ஓய்வு கொடுக்க மட்டும் ஏன் தயங்குகிறோம்? ஆகவே, ஏட்டில் ஓய்வையும் ஒரு வேலையைப் போலவே நேரங் குறித்து எழுத வேண்டும். எழுதப்படாத ஓய்வு பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஏட்டை எழுதும் முறை

ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்பறைக்குள் நுழையக்கூடாது என்று பழக்கப்பட்டவர்கள் ஆவோம். ஒரு பாடவேளைக்கு ஒரு நோக்கம். நான்கு பாடவேளை கழிந்ததும் ஓர் இடைவேளை. அந்தப் பழக்கத்தையே இங்கும் பின்பற்றலாம்.

முதலாவதாக, ஒரே ஏடு வைத்துக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த ஏடு வேண்டுவதில்லை. பிள்ளைகளின் பள்ளிக் குறிப்புப் புத்தகமே போதும். கைத்தொலைபேசியில் உள்ள நாட்காட்டியில் எழுதுவோர் அதிலேயே எழுதலாம். ஆனால் பாதி ஏட்டிலும், பாதி தொலைபேசியிலும், மீதி குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய தாளிலுமாக இருந்தால் தேடுவதே ஒரு வேலையாகிவிடும்.

இரண்டாவதாக, மாற்ற முடியாதவற்றை முதலில் எழுதுங்கள். வேலை நேரம், போக்குவரத்து, உறக்கம், மருத்துவரைக் காணும் நாள், பிள்ளைகளின் தேர்வு ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. மாறி மாறி இரவு பகல் முறைவேலை செய்வோர், வேலை அட்டவணை கைக்கு வந்த அன்றே உறங்கும் நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் எழுதிய பிறகு மிஞ்சும் நேரமே நம் கையிலுள்ள உண்மையான நேரம். அது எவ்வளவு சிறிது என்பதைக் கண்ணால் பார்ப்பதே பயன் தருவதாகும்.

மூன்றாவதாக, மிஞ்சிய நேரத்தில் ஒரு நாளைக்கு மூன்று வேலைகளுக்கு மேல் குறிக்காதீர்கள். நான்காவது வேலை முடிந்தால் மகிழ்ச்சி; முடியாவிட்டால் குற்றமில்லை.

நான்காவதாக, வேலையை மட்டும் எழுதாமல் வேளையையும் இடத்தையும் எழுதுங்கள். ‘பணம் அனுப்ப வேண்டும்’ என்பது கவலை. ‘வியாழன் மாலை ஆறு மணிக்கு, வேலை முடிந்து வரும் வழியில் பணம் அனுப்புவது’ என்பது திட்டம். தமிழகத்திலிருந்து இங்கு வந்து உழைக்கும் தம்பிமார்கள் வீட்டிற்குப் பேசும் நேரத்தையும் இவ்வாறே குறிக்கலாம். இங்கே இரவு எட்டு மணி என்றால் அங்கே மாலை ஐந்தரை மணி. பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பியிருக்கும் வேளை எதுவென்று கணக்கிட்டுக் குறித்துவிட்டால், அங்கே காத்திருப்பவர்களின் மனமும் அமைதி பெறும்.

ஐந்தாவதாக, இரவில் ஐந்து நிமிடம் ஏட்டைத் திறந்து பாருங்கள். முடிந்ததை அடித்துவிடுங்கள். முடியாததை வேறொரு நாளுக்கு மாற்றி எழுதுங்கள். மூன்று முறை மாற்றி எழுதிய வேலை உண்மையில் தேவைதானா என்று கேளுங்கள். தேவையில்லை எனில் அஞ்சாமல் நீக்கிவிடுங்கள். நீக்குவதும் திட்டமிடுதலில் ஒரு பகுதியே.

எழுதப்படாத உழைப்பு

தாய்மார்களைப் பற்றித் தனியே சொல்ல விரும்புகிறோம். ஆண்களின் வேலை செக்ரோலிலாவது ஏறியது. வீட்டில் அடுப்பு மூட்டியதும், துணி துவைத்ததும், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது விடிய விடிய விழித்திருந்ததும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. எழுதப்படாத உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாததை யாரும் பங்கிட்டுக்கொள்வதுமில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை இரவு குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து அமர்ந்து, வரும் வாரத்தின் வேலைகளை ஒரே பக்கத்தில் எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். சந்தைக்குப் போவது, துணி மடிப்பது, தாத்தாவுக்கு மருந்து கொடுப்பது என்று எதையும் விட்டுவிடாமல் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பெயரைப் போடுங்கள். எல்லா வரிகளுக்கும் எதிரே ‘அம்மா’ என்ற ஒரே பெயர் வந்தால், அப்பக்கம் தானாகவே பேசத் தொடங்கிவிடும். பத்து வயதுப் பிள்ளைக்கும் அது புரியும், அப்பாவுக்கும் புரியும். வீட்டுத் தலைவியின் உளைச்சலைக் குறைக்க நூறு அறிவுரைகளைக் காட்டிலும் அந்த ஒரு பக்கம் மேலானது.

ஏட்டால் ஆகாதது

ஏட்டின் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு கப்பல் தாங்கக்கூடிய சுமைக்கு ஒரு கோடு உண்டு. அதற்கு மேல் ஏற்றினால் எவ்வளவு அழகாக அடுக்கினாலும் கப்பல் மூழ்கும். இரண்டு வேலை பார்த்தும் கடன் தீராதவருக்கும், நோயுற்றவரைத் தனியொருவராகப் பராமரிப்பவருக்கும், ‘நேரத்தை ஒழுங்காகப் பங்கிடுங்கள்’ என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. அவர்களுக்கு ஏடு செய்யும் உதவி வேறு. சுமை எல்லை மீறிவிட்டது என்பதை அது எழுத்தில் காட்டும். ‘என்னால் முடியவில்லை’ என்று கூசிக்கொண்டிருந்தவர், ‘என் நாளில் இத்தனை மணி நேரந்தான் இருக்கிறது, வேலையோ இத்தனை’ என்று மேலாளரிடமோ உடன்பிறந்தவர்களிடமோ ஏட்டைக் காட்டிப் பேசலாம். அதன் பிறகு தேவைப்படுவது சுமையைக் குறைக்கும் வழி.

உளைச்சல் பல வாரம் நீடித்து, உறக்கமும் பசியும் கெட்டு, வாழ்விலேயே வெறுப்புத் தட்டினால் அதனை ஏட்டோடு விட்டுவிடலாகாது. மருத்துவரை நாடுங்கள், குடும்பச் சேவை நிலையத்தையும் சிண்டாவையும் அணுகுங்கள். காலுக்கு அடிபட்டால் மருந்தகம் செல்வதில் வெட்கமில்லை. மனத்திற்கு அடிபட்டாலும் அப்படியே.

பெரியோர்களே, தாய்மார்களே! 1981ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இரவு 11.30 மணிக்கு, சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி நள்ளிரவு 12 மணியாக்கினார்கள். 1982 புத்தாண்டு அரை மணி நேரம் முன்னதாகவே பிறந்தது. ‘அந்த அரை மணி நேரம் எங்கே போயிற்று?’ என்று அன்று வேடிக்கையாகக் கேட்டவர்கள் உண்டு. சட்டம் எடுத்துக்கொண்ட அந்த ஓர் அரை மணி நேரத்திற்குக் கணக்குக் கேட்ட நாம், யாரும் எடுக்காமலே நாள்தோறும் நழுவிப்போகும் அரை மணி நேரங்களுக்கும் கணக்குக் கேட்கத்தான் வேண்டும்.

அக்கணக்கைக் கேட்பது இன்னும் அதிகமாக உழைப்பதற்காக அன்று. போதிய அளவு நம் முன்னோரும் நாமும் உழைத்திருக்கிறோம். பிள்ளையோடு பேசவும், பெற்றோரோடு அமரவும், ஒரு நூலைப் படிக்கவும், ஒன்றும் செய்யாமல் வாசலில் காற்று வாங்கவும் நமக்கென்று நேரம் வேண்டும். அந்த நேரத்தைச் சுற்றி இடும் வேலியே இந்த ஏடு. நம் பாட்டனாரின் பெயரைப் பிறர் தம் ஏட்டில் எழுதினார்கள். நமது ஏட்டில் நம் பெயரை நாமே எழுதுவோம். இன்றிரவே ஒரு பக்கத்தைத் திறந்து தொடங்குங்கள்.